மேல்மாடியில் தூங்குவது யார்?

நகரத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு விமர்சனம் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். "கவிதைத் தொகுப்புக்கு எழுதினாலே நாலு பேர்தான் படிக்கிறான், வரைபடத்துக்கு வேறயா?" நான் படித்தது கட்டுமானப் பொறியியல். வேலையில் தினமும் இந்த வரைபடங்களோடுதான் புழக்கம். நாவலுக்கு உள்ளது போலவே இவற்றுக்கும் ஒரு மொழி உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு. ஒரு நாவலில் யார் பேசுகிறார், யாருக்குப் பெயரே இல்லை என்று பார்க்கிறோம் இல்லையா? அதே கேள்வியோடு மலாக்காவின் பழைய நகரத்தை வாசித்துப் பார்க்கலாம்.

நகரத் திட்டங்களில் இப்போது செல்லப்பிள்ளையாக இருக்கும் சொல் 'கலப்புப் பயன்பாடு'. மலாயில் பெம்பாங்ஙுனான் பெர்ச்சாம்பூர். மேம்பாட்டாளரின் விளம்பரப் பலகையிலும் நகராண்மைக் கழகத்தின் அறிக்கையிலும் அது ஒரே தொனியில் வருகிறது. முன்பெல்லாம் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம். வீடு ஓரிடம், வேலை ஓரிடம், நடுவில் கார். அதனால்தான் நகர மையங்கள் மாலை 6 மணிக்கு மேல் செத்துக் கிடக்கின்றன, எனவே திட்டத்தைத் திருத்தி, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்ட அனுமதித்தால் மையம் உயிர்பெறும் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. ஆனால் மலாக்காவில் அதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஜொங்கர் தெருவும் ஹீரன் தெருவும் வேறென்ன? முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் வெளிச்சத்துக்கும் மழைக்கும் திறந்த முற்றம், முன்னால் அஞ்சடி. கீழே வியாபாரம், பின்னால் சமையல், மேலே குடும்பம். இருநூறு வருடங்களுக்கு மேலாக நடந்த விஷயத்துக்கு இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளமான கூடம். பகலில் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பெட்டி, ஒரு சின்ன மேசை, கணக்குப் புத்தகம். இரவில் அதே இடத்தில் பாயை விரித்துத் தூங்குவார்கள். அலுவலகம், விடுதி, சாப்பாட்டுக் கூடம், கடுதாசி வந்துசேரும் முகவரி எல்லாம் ஒன்றுதான். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வரிசையாக இருந்த கிட்டங்கிகளை நகரப் புதுப்பிப்பு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் இப்போது நிற்பவை அலுவலகக் கோபுரங்கள். மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், செட்டிகளின் தலைவர் ஒருவருக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் கோயில். சுற்றுலா வழிகாட்டிகள் இதை நல்லிணக்கத் தெரு என்பார்கள். வழிபாடும் வியாபாரமும் குடியிருப்பும் தோள் உரசி நிற்கும் இந்த ஏற்பாட்டை எந்த வரைபடமும் போட்டுக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஏன் காலியானது? இந்த இடத்தில் வரைபடம் வாயைத் திறப்பதில்லை.

பழைய நகரத்தைத் தாங்கிப் பிடித்தது மண்டலப் பிரிவு அல்ல, வாடகைச் சட்டம். 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. தையல்காரர், சவப்பெட்டி செய்பவர், கூடை முடைபவர், காப்பிக் கடைக்காரர் போன்றவர்கள் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது அதனால்தான். 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31 வரை. 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து சந்தை வாடகை. அதே 2000இல் ஜொங்கர் தெருவில் வார இறுதி இரவுச் சந்தையும் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

வீட்டுக்காரர் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். பல வருடப் பழைய வாடகையை வாங்கிக்கொண்டு எவன் கூரையை மாற்றுவான்? ஓடு உடைந்து, உத்தரம் கரையான் அரித்து, ஒழுகும் இடத்தில் வாளி வைத்த வீடுகள் நிறைய இருந்தன. கட்டுப்பாட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அதை எடுத்தபோது அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. இரண்டரை வருடம்கூட இல்லாத அவகாசம், பிறகு கதவு திறந்துவிட்டது. குடும்பங்கள் தாமானுக்குப் போயின. மேல்மாடிகளில் சிலவற்றுக்குப் புதுக் குடித்தனம் வந்தது. யார் தெரியுமா? உழவாரக் குருவிகள். சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுவிட்டால், கூட்டுக்காகப் பறவை தானே வரும். கீழே கடை, மேலே பறவைப் பண்ணை. கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் கலப்புப் பயன்பாடுதான்.

2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மலாக்காவில் மையப் பகுதி 45.3 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 242.8 ஹெக்டேர். இந்த இரண்டு எண்களுக்காக நிறையச் சண்டை போடலாம். மூன்றாவதாக ஒரு எண் வேண்டும் என்பது என் ஆதங்கம்: இந்த 45.3 ஹெக்டேரில் இரவில் தூங்குபவர்கள் எத்தனை பேர்? ஹோட்டல் விருந்தாளிகளைக் கழித்துவிட்டு. முகப்பு எப்படி இருக்கணும், ஓடு என்ன நிறம், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிசு என்று பாதுகாப்பு விதிகள் கேட்கும். அந்த ஓட்டுக்குக் கீழே யார் இருக்கிறார் என்று கேட்காது. ஒரு கடைவீடு தங்கும் விடுதியானாலும் வரைபடத்தில் அது கலப்புதான். மேலே ஆள் படுக்கிறாரே!

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய அமெரிக்க நகரங்கள் பற்றிய புத்தகத்தை இங்கே எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பல்கலைக்கழகத்தில் எங்களுக்கும் அதன் சுருக்கம்தான் கிடைத்தது, கலப்புப் பயன்பாடு நல்லது என்று. அவர் வைத்தது நான்கு நிபந்தனைகள். பல வகைப் பயன்பாடு, குட்டைத் தெருக்கள், மக்கள் நெருக்கம் ஆகிய மூன்றும் விளம்பரப் பலகையில் ஏறிவிடும். நான்காவது, பழைய கட்டடங்களும் கலந்திருக்க வேண்டும் என்பது. ஏனென்றால் கடன் அடைந்துபோன கட்டடத்தில்தான் வாடகை மலிவு, புதுக் கட்டடத்தின் செலவை ஈடுகட்டப் பெரிய கடைகளால்தான் முடியும். அழகுக்காக அவர் அதைச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொன்னார். நம் ஊரில் பழைய கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், அதன் மலிவைக் காப்பாற்றவில்லை. ஜேக்கப்ஸைத் தலைகீழாக வாசித்தால் இப்படித்தான் வரும்.

சட்டத்திலும் இதே மௌனம். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், நாங்கள் சட்டம் 172 என்போம், தீபகற்பத்தின் மாநிலங்களுக்கெல்லாம் இதுதான் வேதம். அதன் 21ஆம் பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு. வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது கட்ட விண்ணப்பித்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். நல்ல விதி மாதிரி தெரியும். இரண்டு முறை படியுங்கள். முதலாவது, கடிதம் உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல, நாற்பது வருடம் அங்கேயே இருந்திருந்தாலும். இரண்டாவது, வட்டாரத் திட்டம் அரசிதழில் வெளியாகிவிட்டால் அந்தக் கடிதமும் கட்டாயமில்லை. அதாவது திட்டம் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டப்படி சொல்ல வேண்டிய தேவை குறைகிறது. வரைவுத் திட்டம் காட்சிக்கு வைக்கப்படும் குறைந்தது நான்கு வாரம்தான் பொதுமக்களுக்கான வாசல். வரைவு மலாயில் இருக்கும். எங்கப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும், கம்பத்துக்காரர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். அந்த மலாய் மட்டும் தெரியாது.

காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் பிடிபடும். மலாக்கா செட்டிகள் சுல்தான் காலத்திலிருந்து இந்த ஊர்க்காரர்கள். பேச்சு மலாய், வழிபாடு சைவம், பாட்டிமார் உடுப்பு கெபாயா. நகர மையத்திலிருந்து படிப்படியாக ஒதுங்கி இந்தக் கிராமத்தில் வந்து நின்றவர்கள். 2014 வாக்கில் அவர்களுடைய வேலிக்குப் பக்கத்து நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும் பல மாடிக் கார் நிறுத்தமும் சேர்ந்த திட்டம் வருவதாகச் செய்தி வந்தது. சமூகத்தினர் எதிர்த்தார்கள். அந்தத் திட்டத்தையும் அழகாக 'கலப்பு மேம்பாடு' என்று சொல்லிவிடலாம், அகராதி தடுக்காது. நூற்றாண்டுகளாக வீடும் கோயிலும் சமையலும் தோட்டமும் கலந்து கிடந்த கிராமத்துக்குப் பக்கத்தில், கலப்பு என்ற பெயரோடு, அதை நிழலில் போடும் கட்டடம். எந்த நிலம் பாரம்பரியம் என்று கோடு போட்டாகிவிட்டது, கோட்டுக்கு ஒரு அடி வெளியே என்ன ஆனாலும் அது அடுத்தவர் லாட்.

கோலாலம்பூரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பழைய ரயில்வே யார்டின் 72 ஏக்கரில் எழுந்த கேஎல் சென்ட்ரல் அசல் கலப்பு மேம்பாடு. சாலையைத் தாண்டினால் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார். வளைவும் வண்ணமும் வந்தன. பூக்கடைக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் பூச்சோங், கிள்ளான் என்று பதில் வரும்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது? நான் செர்காம்காரன். மற்றவர்களுக்கு செர்காம் என்றால் ஈக்கான் பாக்கார், எங்களுக்கு அது தோட்டத்திலிருந்து வெளியே வந்தபின் நின்ற இடம். தோட்டத்தைப் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். லயம், பால் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மளிகை எல்லாம் நடக்கும் தூரத்தில். இன்றைய திட்டக்காரர் கனவு காணும் பதினைந்து நிமிட நகரம் அதுதான். ஆனால் நிலச் சட்டம் பட்டாவில் எழுதும் வகைகள் மூன்றே: விவசாயம், கட்டடம், தொழில். தோட்டம் விவசாயம். வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். பட்டாவில் 'விவசாயம்' அழிந்து 'கட்டடம்' ஆன அன்று, முன்னூறு பேர் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்தக் காகிதத்தில் சான்று இல்லை. இதைத் தோட்டத்தில் பார்த்துவிட்டோம். நகரத்தில் நடப்பது அதே கதை, அங்கே ஓடு மட்டும் அழகாக இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் புனைவில் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய மூட்டை முடிச்சு நிறைய வந்திருக்கிறது. கடைவீட்டு மேல்மாடியிலிருந்து இறங்கிப் போன குடும்பம், நான் படித்தவரை, மிகக் குறைவு. எழுதுபவர்கள் கவனித்தால் தேவலை.

நிறத்தை மாற்றுவதால் மட்டும் கலப்பு வராது என்பதே என் குற்றச்சாட்டு. கீழே என்ன, மேலே என்ன என்று சொல்கிற திட்டம், மேலே இருப்பவர் எத்தனை வருடம் இருக்கலாம், என்ன வாடகை என்பதையும் சொல்ல வேண்டும். முடியாத காரியமா? நிலம் கோயில், கொங்சி, வக்ஃபு போன்ற அறக்கட்டளைகளின் கையில் இருக்கும் இடங்களில் முடியும், ஏனென்றால் அவர்கள் விற்றுவிட்டுப் போகப்போவதில்லை. மலாக்காவிலும் பினாங்கிலும் அப்படிப்பட்ட கடைவீடுகள் வரிசை வரிசையாக உள்ளன. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்துக்கும் சொத்துகள் உண்டு. நம் கோயில்கள் தங்கள் கட்டடங்களை யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன வாடகைக்கு விடுகின்றன? மாநில அரசைத் திட்டுவதற்கு முன்னால் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்கலாம். கேட்டால் அடுத்த வருடம் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்படாமல் போகலாம், அது வேறு விஷயம்.

அடுத்த முறை உங்கள் ஊரின் வரைவுத் திட்டம் காட்சிக்கு வரும்போது நகராண்மைக் கழக வரவேற்புக் கூடத்தில் பெரிய பலகைகள் நிற்கும், பக்கத்தில் ஆட்சேபப் படிவம் இருக்கும். மலாயில் எழுதுங்கள். பாரம்பரியம், அடையாளம் என்று நீட்ட வேண்டாம், அந்தச் சொற்கள் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய உண்டு. தெருப் பெயர், கடை எண், மேல்மாடியில் எத்தனை பேர், எத்தனை வருடமாக, இப்போதைய வாடகை எவ்வளவு. இவ்வளவையும் எழுதி, தேதியிட்டு, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.