வயிறு தட்டும் வண்டி

நான்கு சக்கரங்களும் சுழல்கின்றன. என்ஜின் உறுமுகிறது. வண்டியோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலையில், ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற நீளமான ஜீப் ஒன்றில் ஒரு மழைக்கால மாலையில் நான் கண்ட காட்சி இது. பாதையைக் குறுக்கிட்ட மண்மேடு ஒன்றின் முகட்டில் வண்டியின் நடுப்பகுதி உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரங்கள் மேட்டுக்கு அப்பாலும், பின் சக்கரங்கள் இப்பாலும் தொங்காத குறையாக நின்றன. "வயிறு தட்டிருச்சு சார், எறங்கிருங்க" என்றார் ஓட்டுநர். உள்ளே இருந்த அத்தனை பேரும், கைக்குழந்தையுடன் வந்த ஒரு பெண் உட்பட, இறங்கி மழையில் நடந்தோம்.

வண்டியின் இழுவிசையில் குறைவில்லை. நான்கு சக்கர இயக்கமும் சரியாகவே வேலை செய்தது. தவறு அதன் நீளத்தில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், முன் அச்சின் மையத்திற்கும் பின் அச்சின் மையத்திற்கும் இடையே உள்ள தூரத்தில் இருந்தது. இதனை அச்சிடைத் தூரம் எனலாம். பட்டறையில் வீல்பேஸ் என்பார்கள். கரடுமுரடான பாதைக்கென்று வண்டி வாங்குவோர் என்ஜின் திறனைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், விளம்பரத் தாளில் தரை இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று தேடுகிறார்கள். அச்சிடைத் தூரத்தைக் கேட்போர் மிகச் சிலரே. கேட்கும் சிலரும் "குட்டை வண்டிதான் காட்டுக்கு நல்லது" என்ற ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். விளம்பரத் தாள் சொல்லாமல் விடுவதையும், இந்த வாக்கியம் மிகையாகச் சொல்வதையும் இங்கே சற்றுக் கறாராகப் பார்ப்போம்.

இதற்கு நல்லதொரு சோதனைப் பொருளை நம் நாட்டுச் சந்தையே தந்திருக்கிறது. சுசுகி நிறுவனத்தின் ஜிம்னி என்னும் சிறிய வண்டி 2018-இல் புதிய உருவில் வெளிவந்தது. அதற்கு மூன்று கதவுகள். அச்சிடைத் தூரம் 2250 மி.மீ. அதே வண்டியை ஐந்து கதவுகளுடன் நீட்டி 2023-இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இதன் அச்சிடைத் தூரம் 2590 மி.மீ. அதே 1.5 லிட்டர் என்ஜின், அதே அளவு டயர், அதே வகை ஏணிச் சட்டகம், அதே திடமான அச்சுகள். கூடிய 340 மி.மீ. முழுவதும் இரண்டு அச்சுகளுக்கு இடையே மட்டுமே கூடியது. ஆய்வுக்கூடத்தில் மற்றெல்லாவற்றையும் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவோமே, ஏறத்தாழ அப்படி!

இப்போது விளம்பரத் தாளைப் பாருங்கள். இரண்டு வண்டிகளுக்கும் தரை இடைவெளி 210 மி.மீ. என்றே இருக்கிறது. இதை மட்டும் படிப்பவர் இரண்டும் ஒரே மேட்டை ஒரே மாதிரி கடக்கும் என்றுதான் எண்ணுவார். ஆனால் மேட்டின் முகட்டைக் கடக்கும் திறனுக்குத் தனியே ஓர் அளவு உண்டு. அதனை முகட்டுக் கோணம் என்போம். வண்டியின் வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டில், ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் சேர்ந்து எத்தனை பாகை திரும்பலாம் என்பதே அது. குட்டை ஜிம்னிக்கு 28 பாகை. நீண்ட ஜிம்னிக்கு 24 பாகை. முன்புறம் மேட்டில் முட்டாமல் ஏறும் கோணமோ 37-இலிருந்து 36-ஆக ஒரே ஒரு பாகைதான் குறைந்தது. அச்சுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மாறாததால் அது மாறவில்லை.

தரை இடைவெளி மாறாதிருக்க, முகட்டுக் கோணம் மட்டும் எப்படிக் குறைந்தது? திடமான அச்சு கொண்ட வண்டியில் தரைக்கு மிக அருகே இருப்பது பெரும்பாலும் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் பெட்டி. தாளில் அச்சாகும் எண் அதன் அடியில் அளந்தது. அந்தப் பெட்டி சக்கரங்களோடு சேர்ந்தே மேடேறி இறங்குவதால், அச்சிடைத் தூரம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. முகட்டில் தட்டுவதோ வண்டியின் நடு வயிறு. நாம் அறிய வேண்டியது அந்த வயிற்றின் உயரம். அதைத் தாளில் அச்சிடுவதில்லை.

ஆனாலும் அதை நாமே கண்டுபிடித்துவிடலாம். முகட்டுக் கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட், வயிற்று உயரத்தை அச்சிடைத் தூரத்தின் பாதியால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஏறத்தாழச் சமம். மடக்கை அட்டவணைப் புத்தகம் வைத்திருக்கும் மாணவர்கள் உடனே போட்டுப் பார்க்கலாம். குட்டை வண்டிக்கு 14 பாகையின் டேன்ஜென்ட் 0.249, அதை 1125-ஆல் பெருக்கினால் 280 மி.மீ. நீண்ட வண்டியிலும் வயிறு இதே 280 மி.மீ. உயரத்தில் இருந்தால் 280-ஐ 1295-ஆல் வகுக்க வேண்டும். 0.216 வருகிறது. அதற்குரிய கோணம் சற்றேறக்குறைய 12.2 பாகை. இரட்டித்தால் 24.4. நிறுவனம் தரும் 24-உடன் இது எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்! போன நான்கு பாகைகளும் நீளத்தால் மட்டுமே போனவை என்பது இதனால் தெளிவாகிறது.

நான்கு பாகை அற்பம் என்று தோன்றலாம். இருபுறமும் 13 பாகைச் சரிவுள்ள ஒரு கரையை, அதாவது நாலேகால் அடி போனால் ஓர் அடி உயரும் கரையை, எடுத்துக்கொள்ளுங்கள். முகட்டில் மொத்தத் திருப்பம் 26 பாகை. குட்டை வண்டி தாண்டிவிடும், நீண்டது உட்கார்ந்துவிடும். அதன் பிறகு நான்கு சக்கரம் சுழன்றும் பயனில்லை. வண்டியின் எடையைச் சக்கரங்கள் தாங்கினால்தானே அவற்றுக்கு மண்ணில் பிடிப்பு கிடைக்கும்? எடையில் பெரும்பகுதியை இப்போது வயிறல்லவா தாங்குகிறது!

"வண்டியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போகிறது" என்று சொல்வார்கள். நீண்ட வண்டிக்கு 28 பாகை வேண்டுமானால் வயிறு 323 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது 43 மி.மீ. கூட வேண்டும். டயரால் இதைப் பெற நினைத்தால் டயரின் விட்டம் 86 மி.மீ. பெரிதாக வேண்டும். அப்போது ஈர்ப்பு மையமும் அதே அளவு உயரும். அதன் விலை என்ன என்பது மலை ஏறும்போது தெரியும். அதற்குப் பிறகு வருவோம்.

வளைவிலும் குட்டை வண்டிக்கே வெற்றி. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் குட்டை ஜிம்னி 4.9 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, நீண்டதற்கு 5.7 மீட்டர் தேவை. இந்த இரண்டு எண்களின் விகிதமும் இரண்டு அச்சிடைத் தூரங்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. அதோடு வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வருவதில்லை, உள்பக்கம் வெட்டி வரும். முன் அச்சின் மையம் 6 மீட்டர் ஆர வட்டத்தில் சென்றால், பின் அச்சின் மையம் குட்டை வண்டியில் 44 செ.மீ.யும் நீண்ட வண்டியில் 59 செ.மீ.யும் உள்ளே தள்ளி வரும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் பள்ளமாக இருந்தால் இந்த 15 செ.மீ. விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல.

இதுவரை படித்தவர்கள் "குட்டைதான் நல்லது என்பது சரிதானே?" என்று கேட்கக்கூடும். அன்று மழையில் நடந்தபோது எங்கள் ஓட்டுநரிடம் நானும் அதையேதான் கேட்டேன். "குட்ட வண்டில இத்தன பேர ஏத்துனா ஏத்தத்துல மூக்கத் தூக்கிரும் சார்" என்றார் அவர். அனுபவத்தால் அவர் அறிந்ததை இயற்பியல் இப்படிச் சொல்கிறது: ஏற்றத்தில் எடை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாறுகிறது. மாறும் பங்கு, ஈர்ப்பு மைய உயரத்தைச் சரிவின் டேன்ஜென்டால் பெருக்கி அச்சிடைத் தூரத்தால் வகுத்தால் வருவது. ஒரு பேச்சுக்கு, ஈர்ப்பு மையம் வண்டியின் நட்டநடுவில், தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 30 பாகை ஏற்றத்தில் குட்டை வண்டியின் முன் சக்கரங்களில் எஞ்சுவது 32 சதவீதம். நீண்ட வண்டியில் 34 சதவீதம்.

உண்மையைச் சொன்னால் இந்த ஆதாயம் சிறியதே. நீண்ட வண்டியை ஆதரிப்போர் இதைப் பெரிதாகப் பேசுவதும் மிகைதான். மேலே சொன்ன 86 மி.மீ. பெரிய டயரை மாட்டினாலோ இந்த ஆதாயத்திலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துபோகிறது. நீளத்தின் பெரிய நன்மை வேறிடத்தில், சுமையை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. குட்டையான வண்டியில் சாமானைப் பின் அச்சுக்குப் பின்னால்தான் அடுக்க முடியும். பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னே 100 கிலோ வைத்தால், நெம்புகோல் விதிப்படி முன் அச்சிலிருந்து 22 கிலோ சமதரையிலேயே பறிபோகிறது. அதே 100 கிலோவை அச்சுகளுக்கு இடையே வைத்துப் பாருங்கள், இரண்டு அச்சுகளும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆள் ஏற்றும் ஜீப்புகள் நீண்டிருப்பதன் காரணம் இதுதான். இறக்கத்தில் நிலைமை தலைகீழாகும். அப்போது பின் சக்கரங்கள் எடை இழக்கும். ஈர மண்ணில் பிரேக்கை அழுத்தினால் குட்டை வண்டியின் வால் பக்கவாட்டில் சுழல முனையும்.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. பிரிட்டனின் லேண்ட் ரோவர் 1948-இல் 80 அங்குல அச்சிடைத் தூரத்துடன் பிறந்தது. அமெரிக்க ராணுவ ஜீப்பின் அளவும் அதே 80 அங்குலம்தான். முதல் மாதிரி வண்டியையே ஜீப்பின் சட்டகத்தின் மேல்தான் கட்டினார்கள். ஆறே ஆண்டுகளில் அந்த அளவு போதவில்லை. 1954 மாடல்கள் 86, 107 என்று இரண்டு அளவுகளில் வந்தன. பின்னர் டீசல் என்ஜினுக்கு இடம் வேண்டி இரண்டும் இரண்டிரண்டு அங்குலம் வளர்ந்து 88, 109 ஆயின. ஒரே அளவில் எல்லா வேலையும் ஆகாது என்பதைப் பொறியாளர்கள் இப்படி ஒப்புக்கொண்டார்கள். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நடுவழி 100 அங்குலம், அதாவது 2540 மி.மீ. (1984-இல் வந்த 'தொண்ணூறு' என்ற வண்டியின் உண்மையான அளவு 92.9 அங்குலம். பெயர்ப் பலகையிலும் எண்ணை நம்பக் கூடாது போலும்!)

ஆகவே நீண்ட ஜிம்னி காட்டுக்கு உதவாது என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. அதன் 2590 மி.மீ. அந்தப் பழைய நடுவழியை விட ஐந்து செ.மீ.தான் கூடுதல். நான்கு பேரும் சாமானும் தினமும் மலை ஏற வேண்டுமானால் அதுவே மேல். வரப்பும் வாய்க்கால் கரையும் குறுகிய வளைவும் உள்ள இடத்தில் ஓரிருவர் மட்டும் போவதானால் குட்டையானது மேல். ஆனால் இரண்டு வண்டிகளின் அருகிலும் ஒரே 210-ஐ அச்சிட்டுவிட்டு, முகட்டுக் கோணத்தைக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக்கு அனுப்பும் வழக்கத்தை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. நீளமான வண்டியை வாங்குபவர் எதை இழக்கிறார் என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். 3008 மி.மீ. நீளும் நான்கு கதவு ராங்ளருக்கும் 2850 மி.மீ. உள்ள தார் ராக்ஸுக்கும் இது பொருந்தும். அவற்றின் குட்டை வடிவங்களின் அளவு முறையே 2459, 2450 மி.மீ. ஆகும்.

நீங்கள் வண்டி பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குனிந்து, மிகத் தாழ்ந்து தெரியும் குழாயோ சட்டகமோ தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவெடுங்கள். அதை இரண்டால் பெருக்கி அச்சிடைத் தூரத்தால் வகுங்கள். ஆட்கள் ஏறினால் வயிறு இன்னும் தாழும், ஆகையால் நான்கு பேரை உட்காரவைத்து அளப்பது நல்லது. அதன்பின் உங்கள் பாதையில் உள்ள மிகக் கூர்மையான மேட்டின் இருபுறச் சரிவையும் அதேபோல உயரத்தைத் தூரத்தால் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியின் எண்ணை இரட்டித்து இதனோடு ஒப்பிடுங்கள். எங்கள் ஏலத் தோட்டத்து மண்மேட்டை நான் அப்படி அளந்து பார்ப்பதற்குள், ஓட்டுநர் மறுநாள் காலையிலேயே மண்வெட்டியோடு போய் அதன் முகட்டை ஒரு சாண் செதுக்கிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு ஜீப் அங்கே தட்டவில்லை.