மகாதீபம் எத்தனை வாட்?

எதிர்வீட்டுப் பையன் பதினொன்றாம் வகுப்பு. இயற்பியல் புத்தகத்தில் "வேலை, ஆற்றல், திறன்" பாடத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் வந்தான். ஆற்றலைக் காலத்தால் வகுத்தால் திறன். இவ்வளவு ஜூல், இவ்வளவு வினாடி, எத்தனை வாட் என்ற வகைக் கணக்குகளைப் பத்து நிமிஷத்தில் எட்டு போட்டான், எல்லாமே சரி. எனக்குத்தான் ஏதோ உறுத்தியது.

எங்கள் வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையை ஒட்டி. மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி தெரியும். "சரி, கார்த்திகை தீபம் எத்தனை வாட்?" என்று கேட்டேன்.

கொப்பரைக்கு 3,500 கிலோ நெய் என்று நாளிதழ்களில் வரும், சில வருஷம் கூடுதலாகவும் வரும். 3,500 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நெய் எரிந்தால் சுமார் 37 மெகாஜூல். மொத்தம் 1,29,500 மெகாஜூல், அதாவது ஏறக்குறைய 36,000 யூனிட். மாதம் 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 15 வருஷ கரண்ட்!

இனி காலத்தால் வகுக்கணும். தீபம் 11 நாள், 264 மணி நேரம் என்று போட்டால் 136 கிலோவாட். மாலை 6 மணிக்கு ஏற்றி இரவு 12 மணி நேரம் மட்டும் எரிவதாகக் கொண்டால் 132 மணி நேரம், 272 கிலோவாட். அதே நெய், அதே மலை, விடை இரண்டு மடங்கு. இரண்டாவதுதான் நெருப்பின் திறன். முதலாவது, எரியாத பகல் பொழுதையும் சேர்த்துப் போட்ட சராசரி. போதாததற்கு, நெய் முழுசாக எரிவதில்லை. பிரசாதமாக நெற்றியில் வைத்துக்கொள்கிறோமே தீப மை, அதில் இருப்பதே சரியாக எரியாமல் போன கரிதான். ஆகவே உண்மை விடை இன்னும் குறையும்.

பாடநூலின் மேல் என் குறை இதுதான். சராசரித் திறனையும் அந்தந்தக் கணத்துத் திறனையும் அது பிரித்தே சொல்கிறது, அதில் பிழை இல்லை. ஆனால் பயிற்சிக் கணக்கு என்று வந்ததும் t-ஐ எண்ணாகக் கையில் கொடுத்துவிடுகிறது. மிச்சம் வெறும் வகுத்தல், அது ஏழாம் வகுப்புக்காரனுக்கே வரும். எந்தக் காலத்தால் வகுக்கிறோம், ஏன் என்பதுதான் இயற்பியல்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ நெய் டின்னோடு மலையேறுகிறார். மலை 2,668 அடி என்கிறோம், அது கடல் மட்டத்திலிருந்து. ஊரே 500 அடிக்கு மேல் இருக்கிறது, அதனால் ஏற்றம் சுமார் 640 மீட்டர்தான். (t-க்கு நடக்கிற அதே கூத்து h-க்கும்.) 75 × 9.8 × 640, சுமார் 4,70,000 ஜூல். மூன்று மணி நேரத்தில் ஏறினால் 44 வாட்.

ஒரு சாதாரண சீலிங் ஃபேனைவிடக் குறைவு! பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கந்தாசிரமம் வரைக்கும் ஏறுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கும், அதுவும் வெறுங்கையோடு. அந்த 44 வாட் உயரத்துக்குப் போன கணக்கு மட்டும். தசை செலவழிக்கிற ஆற்றலில் கால்வாசி வேலையாக மாறினாலே பெரிசு, மிச்சமெல்லாம் சூடு, வியர்வை. ஆகவே உடம்பு எரிப்பது 180 வாட்டுக்குக் குறையாது. இறங்கும்போது சூத்திரத்துக்கு வேலை மைனஸ், முழங்காலுக்கு வலி பிளஸ்.

3,500 கிலோ நெய் மொத்தத்தையும் மேலே ஏற்றச் சூத்திரப்படி வெறும் 6 யூனிட் போதும். இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்குச் சுமை தூக்குகிறவரின் கூலி அநியாயமாகத்தான் தெரியும். அதனால்தான் இந்தப் பாடத்தை இப்படி அவசரமாகக் கடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையன் நோட்டை மூடினான்.

"நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா எக்ஸாம்ல t அவங்களே குடுத்துடுவாங்க."