உள்ளங்கை அளவு

சேகரிப்பவனை ரசிகன் என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. உடைமை புகுந்த இடத்தில் ரசனை நிற்காது என்பது பழைய சந்தேகம். சீனச் செதுக்கு வேலைகளை வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு நிச்சயமில்லை. மூங்கிலும் வாதுமைக் கொட்டையும் ஜேட் கல்லும் கண்ணுக்காக மட்டும் செதுக்கப்பட்டவை அல்ல. வருஷக்கணக்கில் விரல்களில் உருண்டு, வியர்வையும் எண்ணெயும் ஏறி, மூங்கில் தேன் நிறத்துக்கு வருகிறது. செதுக்கியவன் விட்ட இடத்திலிருந்து வைத்திருப்பவன் தொடர்கிறான்.

1737-ல் அரண்மனைப் பட்டறையில் ச்சென் ட்ஸுஜாங் ஒரு சீன ஆலிவ் கொட்டையைப் படகாக்கினார். நீளம் 3.4 சென்டிமீட்டர். உள்ளே எட்டுப் பேர். ஜன்னல்கள் திறந்து மூடும். படகின் அடியில் ஸு ஷியின் இரண்டாவது செம்பாறைப் பாட்டு முழுவதும், 300-க்கு மேற்பட்ட எழுத்துக்களில். வெறும் கைவித்தை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் பாட்டு இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பாட்டு இல்லை. கையில் எடுத்துக் கவிழ்ப்பவனுக்கே அது கிடைக்கும். இன்று அந்தப் படகு தைபே அரண்மனை அருங்காட்சியகத்தின் உடைமை. பார்க்கலாம், கவிழ்க்க முடியாது.

ஐம்பது வருஷம் கழித்து, அதே ச்சியென்லுங் சக்கரவர்த்தியின் ஆட்சியில், 1787-ல் முடிந்தது ஒரு ஜேட் மலை: மகா யூ வெள்ளத்தை அடக்கும் காட்சி. 224 சென்டிமீட்டர் உயரம், ஐந்து டன்னுக்கு மேல் எடை. கல் சிங்ஜியாங்கிலிருந்து பீக்கிங் வந்து சேர ஏறத்தாழ மூன்று வருஷம். ஜேடில் உளி இறங்காது. அதைவிடக் கடினமான மணலைக் கொண்டு தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். யாங்ஜோ கலைஞர்களின் உழைப்பு திகைக்க வைக்கிறது. எனக்குத் திகைப்போடு சரி. சக்கரவர்த்தி தம் கவிதையையும் முத்திரையையும் அதன் முதுகில் பொறிக்கச் செய்தார். கைக்குள் வராத பொருளை வேறு எப்படிச் சொந்தமாக்குவது?

சேகரிப்பவன் பொருளுக்கு அடிமை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மிங் ஆட்சியின் இறுதியில் வென் ஜென்ஹெங் எழுதிய ரசனைக் கையேட்டின் தலைப்பே 'மிகைப் பொருட்கள்' என்பதுதான். இல்லாவிட்டாலும் வாழ்ந்துவிடக்கூடிய பொருட்கள். நயம் எது, கொச்சை எது என்று அதில் அவர் காட்டும் கறார், புதுப்பணக்காரர்களுக்கு எதிரான மேட்டிமை என்று சொல்வதில் உண்மை உண்டு. 1645-ல் மஞ்சுப் படைகள் ஸுஜோவைப் பிடித்தபோது அவர் பட்டினி கிடந்து உயிரை விட்டார். தூரிகை தாங்கியின் வடிவத்தில்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.