திமிங்கல வேட்டையும் நிலப் பத்திரமும்

நியூசிலாந்தின் தென் தீவில் 1830-களில் திமிங்கல வேட்டைக்கென்று கரையேறிய ஐரோப்பியர், ஙாய் தாஹு என்ற மாவோரிக் குலத்தின் தலைவர்களிடம் நிலம் பெற்ற வழக்கத்தை வெறும் கொள்ளையென்று தள்ளிவிடுவது சரித்திர நியாயமாகாது. 1831-இல் ஒட்டாகோ துறைமுகத்தில் நிலையம் அமைத்த வெல்லர் சகோதரர் போன்றோர், தலைவர்களின் தயவின்றித் தாக்குப்பிடிக்க முடியாதவர்களாய், உருளைக்கிழங்குக்கும் பன்றிக்கும் மாவோரிகளையே எதிர்பார்த்து, அவர்கள் குலத்தில் பெண்கொண்டு, அவர்களுடைய இளைஞரோடு ஒரே படகில் துடுப்பு வலித்து வாழ்ந்தமையால், குடியிருக்கும் உரிமை அந்த உறவோடு பிணைந்து நின்றது. உறவு முறிந்தால் இடமும் போய்விடும் என்ற அச்சமே வந்தவர்களை வரம்புக்குள் நிறுத்தியது. அம்முறையின் மெய்யான சிறப்பு இதுவே.

ஆயினும் திமிங்கல வேட்டைத் தொழிலுக்குள்ளேயே அதன் நாசமும் இருந்தது. குளிர்காலத்தில் விரிகுடாக்களை நாடிவரும் தாய்த் திமிங்கலம், அடிபட்ட குட்டியை விட்டு விலகாது என்றறிந்த வேட்டைக்காரர் முதலில் குட்டியைக் குத்தினர். பின்பு தாயைக் கொன்று கரைக்கு இழுத்து, கொழுப்பை அரிந்து இரும்புக் கொப்பரைகளில் உருக்கி, எண்ணெய் வடிந்த சக்கையையே அடுப்புக்கு விறகாக்கினர். இனவிருத்தியின் வேரையே அறுத்த அக்கொடுமையால் தொழில் விரைவில் க்ஷீணிக்க, நிலத்தின்மேல் ஆசை வளர்ந்தது.

1838 ஆகஸ்டில் லாங்லுவா என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவன், தென் தீவின் பாங்க்ஸ் தீபகற்பத்துக்கு மாவோரித் தலைவர்களிடம் 1,000 பிராங்கு விலைபேசி, 150 பிராங்கு பெறுமான சரக்கை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, அந்தப் பத்திரத்தோடு தாய்நாடு திரும்பி ஒரு குடியேற்றக் கம்பெனியையே உருவாக்கினான். தங்கி வாழ்பவனுக்கு அளித்த இடம், கண்காணாதவர் கைமாற்றும் சரக்காயிற்று. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1840-இல் சிட்னியில் வென்ட்வொர்த், ஜோன்ஸ் என்ற இருவர் தென் தீவின் பெரும்பகுதியையே எழுதி வாங்க முயன்றதை நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் கிப்ஸ் தடுத்தார், அது நற்செயலே.

ஆனால் தனியார் வாங்குவதைத் தடுத்த பிரிட்டிஷ் அரசு, தானே ஏகபோக உரிமையோடு வாங்கியபோது அதே பிழையைப் பன்மடங்காக்கியது. 1848-இல் கெம்ப் என்ற அதிகாரி ஏறத்தாழ 2 கோடி ஏக்கரை 2,000 பவுனுக்கு வாங்கினார். மாவோரிகளுக்கு ஒதுக்கப்பட்டதோ 6,359 ஏக்கர். தலைமுறைகள் வழக்காடிய ஙாய் தாஹு மக்களுக்கு நியூசிலாந்து அரசு 17 கோடி டாலர் ஈடு கொடுத்து மன்னிப்புக் கேட்டது 1998-இல்தான்.