வாத்தின் வயிறும் இரு கரை வைத்தியமும்

அசோக சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கென்றும் மிருகங்களுக்கென்றும் இருவகை வைத்திய வசதிகள் செய்விக்கப்பட்ட தேசங்களை அடுக்கிச் சொல்லுகையில், சோழ பாண்டிய நாடுகளோடு தாமிரபரணி என்னும் இலங்கையையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்கிறது. புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்த செய்தியைச் சூளவம்சம் கூறுகிறது. நம்மவரும் மாட்டுக்கும் குதிரைக்கும் வாகடங்கள் எழுதிவைத்தார்கள். அன்னத்தை மட்டும் நடைக்கும் தூதுக்கும் உவமையாக எடுத்தாண்ட புலவர் பெருமக்கள், அதன் இனத்தைச் சேர்ந்த வாத்தின் வயிற்றைப் பற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை.

இங்கே நான் வாத்து என்பது நீண்ட கழுத்தும் உரத்த குரலும் உடைய பெரிய வாத்தை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் கூஸ் வாத்து என்று கேட்டால் கிடைப்பதும், யாழ்ப்பாணத்தார் தாராவினின்று பிரித்து வாத்து என்றே வழங்குவதும் இதுதான். தஞ்சை, காஞ்சிபுரம் பக்கங்களில் அறுவடைக்குப் பின் வயலுக்கு வயல் ஓட்டிச் செல்லப்படும் வாத்து மந்தைகள் ஒரு ஜீவனோபாயம். அவற்றின் நோய்நொடிகளை மேய்ப்பவர்கள் பரம்பரை அனுபவத்தால் அறிவார்கள். பெரிய வாத்தோ அப்படியன்று. தென்னந்தோப்பிலும் பண்ணை வீட்டிலும், அக்கரையில் கிணற்றடியோடு கூடிய வளவுகளிலும், காவலுக்காகவும் அழகுக்காகவும் இரண்டொன்றாக வளர்க்கப்படுவது. கூட்டத்தின் அனுபவம் அதற்குத் துணை நிற்பதில்லை. ஆகவே அது சோர்ந்து நிற்கும்போது, அதனை வளர்ப்பவர் தம் வீட்டுக் கோழிக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்கிறார். இரு நாடுகளிலும் நடைபெறும் சிகிச்சையின் குறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வழக்கத்திலிருந்தே முளைக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

கோழி தானியம் பொறுக்கும் பட்சி. வாத்து புல் மேயும் பட்சி. கோழிக்குக் கழுத்தடியில் தெளிவாகத் தனித்திருக்கும் தீனிப்பை வாத்துக்கு இல்லை; உணவுக்குழலே கீழ்ப்பகுதியில் சற்று அகன்று அந்த வேலையைச் செய்கிறது. புல்லின் நாரை முழுவதும் ஜீரணிக்கும் சக்தி அதற்குக் கிடையாதாகையால், விரைவாக உண்டு விரைவாகக் கழித்து, நாள் முழுதும் மேய்ந்துகொண்டே இருக்கிறது. அடிக்கடி எச்சமிடுவதையும், அந்த எச்சம் பச்சையாகவும் ஈரமாகவும் இருப்பதையும் கண்டு கழிச்சல் என்று அஞ்சி மருந்து கொடுப்பவர்கள் இரு கரையிலும் உண்டு. இது நோயன்று, சுபாவம். நலமுள்ள வாத்தின் எச்சம் விரல் கனத்தில் உருண்டு நீண்டு, புல்லின் துணுக்குகள் தெரிய, ஒரு முனையில் சுண்ணாம்பு தொட்டாற்போன்ற வெள்ளைப் பூச்சுடன் இருக்கும். இதனை நன்றாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டவனே மாறுதலை அறிவான்.

மாறுதல் எவ்வாறெனில், உருவம் குலைந்து நீராகப் போவது. புல்துணுக்கே இல்லாமல் கரும்பச்சையாக, வழவழவென்று போவது. மஞ்சள் நுரை, இரத்தக் கோடு, சகிக்கவொண்ணாத நாற்றம் முதலியன. இவற்றுள் புல்லற்ற கரும்பச்சை எச்சம் பட்டினியின் அடையாளம். வயிற்றில் ஆகாரம் இன்றிப் பித்தநீர் மட்டும் இறங்குகிறது என்று பொருள். மீன்வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டை விழுங்கிய பறவையும் இவ்வாறே கழியுமாதலால், களப்போரங்களில் வளர்ப்பவர்கள் இதை மறக்கலாகாது. பறவையைக் கையில் எடுக்க வேண்டுமானால், தலை பின்னோக்கி இருக்கும்படி உடலைக் கக்கத்தில் இடுக்கி, இறக்கைகளை அணைத்துக்கொண்டு, மார்பெலும்பை விரலால் தடவ வேண்டும். அது கத்தி முனைபோல் உறுத்தினால் நோய் நேற்று வந்ததன்று. பிறகு அலகைத் திறந்து முகர வேண்டும். புளித்த வாடையும், வாயினுள் தயிர்த்திட்டுப் போன்ற வெண்படலமும் இருந்தால் பூஞ்சை நோய் என்று சந்தேகிக்கலாம். கிருமிக்கொல்லி மருந்தை நெடுநாள் தண்ணீரில் கலந்து கொடுத்த வீடுகளில் இது மிகுதி.

சிகிச்சைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கோழிக் கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், வேப்பிலை, கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தோடு பிசைந்தோ, சிறு உருண்டையாக உருட்டியோ ஊட்டும் முறை நன்கு வேரூன்றியிருக்கிறது. 1989-இல் ஏற்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இத்தகைய மூலிகை முறைகளைத் திரட்டிப் பயிற்சியும் அளித்திருப்பதால், பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டது இப்போது துண்டுப்பிரசுரங்களிலும் இடம்பெறுகிறது. நான் இதனை மதிக்கிறேன். ஆனால் கோழிக்கென்று வகுத்த உருண்டையை வாத்தின் வாயிலும் திணிப்பதை மட்டும் ஒப்ப இயலவில்லை. காரணம் அதிலுள்ள வெங்காயம். வெங்காயத் தாளைத் தொடர்ந்து தின்ற வெள்ளைச் சீன வாத்துகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை ஏற்பட்டதை 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு முறை கொடுத்த சிறு துண்டு கொல்லாமற் போகலாம். ஏற்கெனவே கழிந்து மெலிந்த பறவைக்கு அந்தப் பரீட்சை தேவையா என்பதே கேள்வி.

இலங்கைத் தமிழர் வீடுகளில் உருண்டையைவிட அவித்த நீருக்கே மதிப்பு அதிகம். தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் கொத்தமல்லி அவித்துக் குடிக்கும் கை, மாதுளை ஓட்டையும் வில்வங்காயையும் வயிற்றோட்டத்துக்கு அவித்துப் பழகிய கை, நோயுற்ற பட்சிக்கும் அதையே செய்கிறது. மாதுளை ஓட்டின் துவர்ப்பு கழிச்சலைக் கட்டுப்படுத்தும் என்பது இரு நாட்டு வைத்தியமும் ஒப்புக்கொண்ட விஷயம். வாத்துக்கு அபாயமான வெங்காயம் இக்கஷாயத்தில் இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்து வைப்பவரும், செவ்விளநீர் வைப்பவரும் உண்டு; இழந்த நீரையும் உப்பையும் முதலில் ஈடுசெய்வது மிக நல்ல வழக்கம். தமிழ்நாட்டிலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் அறியாத வீடில்லை, எனினும் பறவைக்கு அதை நினைப்பவர் குறைவு. மருந்தைத் தேடி ஓடும் அவசரத்தில் தண்ணீர் மறந்துபோகிறது.

ஆனால் இலங்கை முறையின் குறை, என்ன கொடுப்பது என்பதில் அன்று, எப்படிக் கொடுப்பது என்பதில் இருக்கிறது. கஷாயத்தைக் கரண்டியால் அலகைப் பிளந்து ஊற்றுகிறார்கள். வாத்தின் மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய், கழிச்சலால் சாகாத பறவை மூச்சுத் திணறிச் சாகிறது. அகன்ற பாத்திரத்தில் வைத்துத் தானே குடிக்கவிடுவது மேல். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் விழுங்கக் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் வெங்காயத் தோட்டங்களை அடுத்த வளவுகளில், கழித்துப் போட்ட தாளைப் பச்சைத்தீனி என்று வாத்துகளுக்கு எறிவாரும் உளராயின், மேலே சொன்ன ஆய்வு அவர்களுக்கும் பொருந்தும்.

புண்ணாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கடலைப் புண்ணாக்கு, இலங்கையில் தேங்காய்ப் புண்ணாக்கு. இரண்டும் நல்ல ஆகாரங்கள், இரண்டும் ஈரம் பட்டால் ஒரேவிதமாகப் பூசணம் பிடிப்பவை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தபோது, காரணத்தைத் துருவி ஆராய்ந்தவர்கள் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் பூசண விஷத்தைக் கண்டார்கள். அவ்விஷத்துக்கு மிக எளிதில் இரையாகும் பட்சிகளுள் வாத்தினத்துக் குஞ்சுகள் முன்நிற்பவை. பசி குன்றும், கழியும், வளர்ச்சி நிற்கும், ஈரல் கெடும். அவித்தாலும் வறுத்தாலும் விஷம் நீங்குவதில்லை, முறிமருந்தும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழை இரு கரையிலும் ஒன்றாகவே பெய்கிறதாகையால், அம்மாதங்களில் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பதும், கட்டி தட்டிய புண்ணாக்கைத் தயங்காமல் எறிந்துவிடுவதும், வேறெந்த மருந்தினும் அதிக உயிர்களைக் காக்கும். பூசணத்தைத் தட்டிவிட்டு மிச்சத்தைப் போடும் சிக்கனத்தை நான் இரு நாட்டிலும் கண்டிருக்கிறேன்.

சிமெண்டுத் தளத்தில் வளரும் நகரத்து வாத்துக்கு அரைவைப்பையில் தங்க மணலும் பொடிக்கல்லும் கிடைப்பதில்லை. உலர்ந்த நீளப்புல்லும் நைலான் நூலும் உள்ளே திரண்டு அடைக்கின்றன. அடைப்பை இளக்க நல்லெண்ணெய் விடுவதும் தேங்காயெண்ணெய் விடுவதும் ஊருக்கு ஊர் வேறுபடும். எண்ணெய்க்கு இளகாத அடைப்பைக் கால்நடை வைத்தியர்தான் எடுக்க வேண்டும். இளங்குஞ்சுகள் அரைவைப்பைப் புழுவால் மெலியும்போது எந்த உருண்டையும் கஷாயமும் போதாது. எச்சத்தைச் சோதித்து, பென்பெண்டசோல் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். இரத்தமாகக் கழிந்து, வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விழுமாயின் வாத்துப் பிளேக் என்று ஐயுற வேண்டும். அதற்குத் தடுப்பூசி உண்டு, சிகிச்சை இல்லை. மந்தை வாத்துகள் இறங்கிப் போன குட்டையில் வீட்டு வாத்தை நீந்தவிடாமல் இருப்பதே தமிழ்நாட்டார்க்கு விவேகம்.

வைத்தியரை அணுகும் வசதியில் தமிழ்நாடு ஒரு படி மேல். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தோன்றியது. இன்று 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஊர்தியே வருகிறது. இலங்கையில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் மட்டுமே உள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்க்குப் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகமே கதி. எங்கே போனாலும் அன்று காலை இட்ட எச்சத்தைச் சுத்தமான போத்தலில் எடுத்துப் போனால் வைத்தியரின் வேலை பாதி முடிந்தது.

இரு நாட்டுக் கால்நடைத் துறையினரிடமும் ஒரு விண்ணப்பம். கோழி வளர்ப்போர்க்கு நீங்கள் அச்சிடும் பிரசுரங்களின் கடைசிப் பக்கத்திலேனும், வாத்துக்கு வெங்காயம் கொடுக்கலாகாது, மருந்தை வாயில் ஊற்றலாகாது, பூசணம் பிடித்த புண்ணாக்கு போடலாகாது என்ற மூன்று வரிகளைத் தமிழில் சேர்த்துவிடுங்கள்.