ஷிஃப்ட் தொடாத விரல்

லினக்ஸில் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. 'டவுன்லோட்ஸ்' கோப்புறையின் முதலெழுத்து பெரியது. டெர்மினலில் அதன் முதல் மூன்றெழுத்தைச் சின்ன எழுத்தில் தட்டி, மீதியை நிரப்பச் சொல்லி டேப் அழுத்தினால், கட்டளைகளை வாங்கும் பாஷ் வாய் திறக்காது. வீட்டு அடைவில் .இன்புட்ஆர்சி கோப்பில் 'செட் கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ் ஆன்' என்று ஒரே வரி சேர்த்துப் புது டெர்மினலைத் திறந்தால் போதும், வழிக்கு வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது, அது மீதியை மட்டும் ஒட்டவைப்பதில்லை என்பதுதான். நாம் அடித்த சின்ன எழுத்தையே அழித்து, கோப்பின் உண்மையான பெயரை அதன் இடத்தில் வைக்கிறது. ஆகவே கட்டளைக்குப் போவது சரியான பெயர்தான். லினக்ஸின் கறார்த்தனம் துளியும் தளர்வதில்லை. கிளார்க் ஒருவர் நம் மனுவில் இனிஷியலைத் திருத்தி மேலே அனுப்பிவைப்பது போல. (அப்படிப்பட்ட கிளார்க்குகள் அபூர்வம்.)

வேலையைச் செய்வது பாஷ்கூட அல்ல, அதற்குள் இருக்கும் ரீட்லைன் நூலகம். 'கம்ப்ளீஷன்-மேப்-கேஸ்' என்று இன்னொரு அமைப்பும் அதில் உண்டு. முதலாவதோடு இதையும் போட்டால், ஹைஃபன் அடித்தாலே அடிக்கோடு உள்ள பெயர்களும் வந்து நிற்கும். அடிக்கோட்டுக்கு ஷிஃப்ட் வேண்டும், ஹைஃபனுக்கு வேண்டாம். இதை யோசித்தவர் நாள் முழுக்கத் தட்டச்சு செய்தவராகத்தான் இருக்கவேண்டும்.

'மேக்ஃபைல்' என்ற கோப்பு பெரிய எம்மில் ஒன்று, சின்ன எம்மில் ஒன்று என்று ஒரே இடத்தில் கிடந்தால் இரண்டையும் காட்டிவிட்டு நம்மிடமே விட்டுவிடும். ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதும் பெயருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கவேண்டும்.