முனையத்தில் தமிழ் அச்சிடல்: பிழையை மறைக்கும் தீர்வுகள் குறித்த விமர்சனம்

பைத்தான் நிரல்மொழியில் தமிழ்ச் சொல்லை அச்சிட முயலும் மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் பிழைச்செய்தி 'யூனிகோடு என்கோடு எர்ரர்' என்பதாகும். இது வந்தவுடன் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். இதற்குப் பல தீர்வுகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் சில பிழையைத் திருத்துவதில்லை. பிழைச்செய்தியை மட்டும் அடக்குகின்றன. அத்தகைய தீர்வுகளால் தமிழ் உரை அழிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிழையின் காரணம்

ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் திரைக்கோ கோப்புக்கோ அனுப்பும்போது பைட்டுகளாக மாற்றுவதே குறியாக்கம். யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள் ஆகிறது. ஆனால் விண்டோசின் 1252 என்னும் மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டுதான். அதில் உள்ள 256 இடங்களில் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. எனவே பைத்தான் மாற்ற மறுக்கிறது. அந்தப் பிழைச்செய்தி ஒரு நேர்மையான எச்சரிக்கை.

மறைக்கும் தீர்வுகள்

குறியாக்கத்தில் 'இக்னோர்' என்ற விருப்பத்தைச் சேர்க்குமாறு சிலர் கூறுவர். பிழைச்செய்தி மறையும், கூடவே எழுத்துகளும் மறையும். 'தமிழ்' என்ற சொல் வெற்றுச் சரமாகிவிடும். 'ரீப்ளேஸ்' என்று கொடுத்தால் ஐந்து கேள்விக்குறிகள் வரும். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் அச்சொல், ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களால் ஆனது. ஆங்கில உரையில் ஓரிரு குறிகள் போனாலும் பொருள் விளங்கும். தமிழில் எதுவுமே எஞ்சாது. பெயர்ப்பட்டியலைக் கோப்பில் எழுதும் நிரல் வெற்றியாக முடிந்ததாகக் காட்டும். பெயர்கள் மட்டும் இருக்கா. மூலக்கோப்பின் மேலேயே எழுதியிருந்தால், படி எடுத்து வைக்காதவருக்கு மீட்க வழியில்லை.

நிரல் நிற்கவே கூடாது என்றால் 'பேக்ஸ்லாஷ் ரீப்ளேஸ்' விருப்பம் மேலானது. அது எழுத்துக்குப் பதிலாக அதன் குறியெண்ணை எழுதிவைப்பதால் பின்னர் மீட்கலாம்.

முனையத்தில் 'சிஎச்சிபி 65001' என்று தட்டச்சிடும் அறிவுரை தீங்கற்றது; ஆனால் முழுமையற்றது. பைத்தான் 3.6 முதல் விண்டோஸ் முனையத்திற்கு நேரடியாக அச்சிடுகையில் ஒருங்குறியே பயன்படுகிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் மட்டும் அது பழைய குறிப்பக்கத்துக்குத் திரும்பிவிடக்கூடும். அவ்விடத்தில் இக்கட்டளை உதவாது. திரையில் சரியாக ஓடிய நிரல் கோப்பில் தோற்பது இதனால்தான்.

சரியான வழி

பைத்தான் 3.7 முதல், வெளியீட்டின் குறியாக்கத்தை நிரலின் தொடக்கத்திலேயே 'ரீகன்ஃபிகர்' மூலம் யுடிஎஃப்-8 என மாற்றலாம். 'பைத்தான்யுடிஎஃப்8' என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்புக் கொடுத்தாலும் போதும். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் நல்ல பழக்கம்.

திரையில் தெரிவதைக் கொண்டு குறையை ஓரளவு கண்டறியலாம். கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை. உரை பத்திரமாக இருக்கும். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், முனையத்திற்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அப்போதும் உரைக்குச் சேதமில்லை. பொருளற்ற இலத்தீன் எழுத்துகள் தெரிந்தால், பைட்டுகள் தவறான குறிப்பக்கத்தில் படிக்கப்பட்டுள்ளன. யுடிஎஃப்-8 ஆகப் படித்தால் பெரும்பாலும் மீளும். கேள்விக்குறிகள் கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தால் மூல எழுத்துகள் அக்கோப்பில் இல்லை.

ஆகவே ஒரு தீர்வை ஏற்குமுன், வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, மீண்டும் படித்து, மூலத்துடன் எழுத்துக்கெழுத்து ஒப்பிட வேண்டும். பிழைச்செய்தி வரவில்லை என்பது மட்டும் சான்றாகாது.